கலிஃபோர்னியாவில் மருத்துவ அலட்சிய வழக்கு: புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு

அமெரிக்காவில் டாக்டர் மேல் கேஸ் போட்டால் கோடிக்கணக்கில் பணம் கிடைக்கும் என்று ஊரிலேயே கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கலிஃபோர்னியாவைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. ஜூரி (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) எவ்வளவு பெரிய தொகையைச் சொன்னாலும் அதில் ஒரு பகுதியைச் சட்டமே வெட்டிவிடும். எந்தப் பகுதி வெட்டப்படும், எந்தப் பகுதி வெட்டப்படாது என்பது தெரியாமல் போவதால் நம் குடும்பங்கள் இழப்பது நிறைய. குறிப்பாக வீட்டில் இருக்கும் மனைவி, ஊரிலிருந்து வந்த அம்மா, சின்னக் குழந்தை என்று சம்பளச் சீட்டு இல்லாத ஒருவர் பாதிக்கப்பட்டால் இழப்பு இன்னும் அதிகம். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வழக்கறிஞரின் ஆலோசனைக்கு இது மாற்று அல்ல. அவரிடம் போவதற்கு முன் கையில் என்ன இருக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கான தயாரிப்பு.

முதல் வாரம்: சிகிச்சையும் குறிப்பும்

முதலில் நோயாளியைப் பாருங்கள். அதே மருத்துவமனையில் நம்பிக்கை இல்லையென்றால் வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். அது உயிருக்கும் நல்லது. பின்னால் வழக்கு வந்தால், பாதிப்பைச் சரியான நேரத்தில் பதிவு செய்த இன்னொரு மருத்துவர் இருப்பதும் உதவும்.

அடுத்து ஒரு நோட்டை எடுத்து, நடந்ததைத் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். எப்போது வலி வந்தது, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன பதில் சொன்னார், எந்த மருந்து எப்போது கொடுத்தார்கள் என எல்லாமும். நினைவு இரண்டே மாதத்தில் குழம்பிவிடும். "அந்த நர்ஸ் மோசம்" போன்ற தீர்ப்புகள் வேண்டாம், கண்டதும் கேட்டதும் மட்டும் போதும். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் எதையும் போடாதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தேடிப்பிடித்துப் படிப்பார்கள்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று மகனே பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பது நம் வீடுகளில் வழக்கம். மத்திய அரசின் நிதி பெறும் மருத்துவமனைகள் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தர வேண்டும் என்பது சட்டம். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்டதும் கிடைத்ததும் பதிவேட்டில் ஏறும். "நெஞ்சு அடைக்கிறது" என்று அம்மா சொன்னது வெறும் "வயிற்றுக் கோளாறு" என்று பதிவானால், பிறகு அதைத் திருத்துவது மிகக் கடினம்.

பதிவேடுகளைக் கேட்டு வாங்குதல்

வழக்குப் போடப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லத் தேவையில்லை. நோயாளிக்குத் தன் மருத்துவப் பதிவேடு கிடைக்க உரிமை உண்டு. எழுத்தில் கேட்டால், கலிஃபோர்னியாச் சட்டப்படி 5 வேலை நாட்களுக்குள் பார்க்க அனுமதிக்க வேண்டும், 15 நாட்களுக்குள் பிரதி தர வேண்டும். மைசார்ட் போன்ற செயலியில் தெரிவது சுருக்கம்தான், முழுப் பதிவேடு அல்ல. செவிலியர் குறிப்புகள், மருந்து கொடுத்த நேரப் பட்டியல், ஆய்வக முடிவுகள், ஸ்கேன் படங்கள் (அறிக்கை மட்டுமல்ல, படங்களும்), மயக்க மருந்துப் பதிவு, ஒப்புதல் படிவங்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

நோயாளி இறந்திருந்தால் அவருடைய சட்டப் பிரதிநிதியோ வாரிசோ கேட்கலாம். இறப்புக்குக் காரணம் தெளிவாக இல்லையென்றால் பிரேதப் பரிசோதனை பற்றி உடனே முடிவெடுக்க வேண்டியிருக்கும். உடலை ஊருக்கு அனுப்பும் அவசரத்தில் இந்தக் கேள்வி அடிபட்டுப் போகிறது. அந்த நேரத்தில் யோசிக்கக்கூட முடியாது என்பது புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வாய்ப்பு திரும்பக் கிடைக்காது. நெருங்கிய நண்பர் ஒருவர் இதை நினைவுபடுத்தினால் பெரிய உதவி.

நாள் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். எவ்வளவு நியாயமான வழக்கும் தேதி தாண்டினால் செத்துவிடும்.

பொது விதி: பாதிப்பு ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டு, அல்லது அலட்சியத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து (கண்டுபிடித்திருக்க வேண்டிய நாளிலிருந்து) 1 ஆண்டு. இரண்டில் எது முதலில் வருகிறதோ அதுதான் கெடு. நடைமுறையில் "ஒரு வருடம்" என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அறுவையின்போது பஞ்சு, கருவி போன்ற எதையாவது உடலுக்குள் விட்டுவிட்டாலோ, நடந்ததை வேண்டுமென்றே மறைத்தாலோ 3 ஆண்டு வரம்பு தளரும். குழந்தைகளுக்குத் தனிக் கணக்கு: 6 வயதுக்குக் குறைவான பிள்ளை என்றால் 3 ஆண்டு, அல்லது 8-வது பிறந்தநாளுக்கு முன், இதில் எது நீளமோ அது.

வழக்குப் போடுவதற்கு 90 நாள் முன்பு மருத்துவருக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கெடு முடிய 90 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்தால், கொடுத்த நாளிலிருந்து இன்னும் 90 நாள் கெடு நீளும். இந்தக் கணக்கை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் பதினோராவது மாதம் போய் அவர் கதவைத் தட்டாதீர்கள். பதிவேடுகளைப் படிக்க நேரமில்லை என்று நல்ல வழக்கறிஞர்கள் மறுத்துவிடுவார்கள்.

அரசு மருத்துவமனை என்றால் கெடு இன்னும் குறுகியது. கவுண்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் அரசு) நடத்தும் மருத்துவமனை மீது முதலில் அரசிடம் கோரிக்கை மனு தர வேண்டும், அதற்கு வெறும் 6 மாதம்தான். சான் ஹொசேயில் உள்ள சாண்டா கிளாரா வேலி மருத்துவ மையம் கவுண்ட்டியுடையது என்று பலருக்குத் தெரியும். அதே ஊரின் ஓ'கானர் மருத்துவமனையும் 2019 முதல் கவுண்ட்டியின் கையில் இருக்கிறது என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. ஆகவே எந்த மருத்துவமனையானாலும் "இது யாருக்குச் சொந்தம்?" என்பதை முதல் மாதமே தேடிப் பாருங்கள். மத்திய அரசின் பாதுகாப்பு பெற்ற சமூக மருத்துவ நிலையங்கள் மீதான புகார் வேறு வழியில் போகும். அதற்கு 2 ஆண்டு கெடு, ஜூரி கிடையாது, நீதிபதி மட்டுமே தீர்ப்பளிப்பார்.

உங்களுக்கு ஜூரி உண்டா?

காப்பீடும் மருத்துவமனையும் சேர்ந்த நிறுவனமான கைசர் பெர்மனென்டேயில் உறுப்பினராக இருந்தால் பெரும்பாலும் இல்லை. காப்பீட்டில் சேரும்போதே தகராறுகளை நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாக ஒப்பந்தம் இருக்கும். அலுவலகத்தில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்தபோது ஒரு பெட்டியில் டிக் அடித்திருப்போம், அவ்வளவுதான். அப்போது வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது. ஆர்பிட்ரேஷன் எனப்படும் நடுவர் விசாரணைக்குப் போகும். இழப்பீட்டுக்கு உள்ள உச்சவரம்பு (கீழே சொல்கிறேன்) அங்கேயும் பொருந்தும்.

தனியார் மருத்துவரின் அலுவலகத்தில் முதல் நாள் தரும் கட்டுக் காகிதங்களிலும் இப்படி ஓர் ஒப்பந்தம் இருக்கலாம். கையெழுத்துக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஜூரி உரிமையை விட்டுத்தருகிறீர்கள் என்று எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கையெழுத்துப் போட்டுவிட்டாலும் 30 நாளுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். இப்போது எந்தப் பிரச்சினையும் இல்லாதவர்கள்கூட இன்றே செய்யக்கூடிய வேலை இது.

கெட்ட விளைவு வேறு, அலட்சியம் வேறு

சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் வழக்கு ஆகாது. அதே துறையில் நியாயமான கவனமுள்ள ஒரு மருத்துவர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யவில்லை என்று இன்னொரு நிபுணர் சாட்சி சொல்ல வேண்டும். அந்தத் தவறுதான் பாதிப்புக்குக் காரணம் என்றும் காட்ட வேண்டும். 50 சதவீதத்துக்கு மேல் நிகழ்தகவு வேண்டும். புற்றுநோயை ஆறு மாதம் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள், ஆனால் முன்பே கண்டுபிடித்திருந்தாலும் பிழைக்கும் வாய்ப்பு 40 சதவீதம்தான் என்றால், கலிஃபோர்னியாவில் அந்த மரணத்துக்கு இழப்பீடு பெறுவது ஏறக்குறைய இயலாது. கேட்க வலிக்கும். ஆனால் இது முன்பே தெரிந்திருந்தால் இரண்டு வருடம் வீணாக அலைய வேண்டியதில்லை.

ஜூரி 12 பேர். சிவில் வழக்கு என்பதால் 9 பேர் ஒத்துக்கொண்டால் போதும். ஆனால் பெரும்பாலான வழக்குகள் ஜூரி முன் போவதில்லை. சமரசத்தில் முடியும், அல்லது நின்றுபோகும். மருத்துவர் சமரசத்துக்குத் தயங்குவதற்கு ஒரு காரணம், அவர் சார்பில் பணம் கொடுக்கப்பட்டால் அது தேசிய மருத்துவர் தரவு வங்கியில் பதிவாகும் என்பது.

உச்சவரம்பு: எது வெட்டப்படுகிறது?

1975-இல் காப்பீட்டுக் கட்டணம் தாறுமாறாக ஏறி, வடக்குக் கலிஃபோர்னியாவில் மயக்க மருந்து நிபுணர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளுநர் ஜெர்ரி பிரவுன் சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டினார். அதில் பிறந்ததுதான் மிக்ரா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் மருத்துவப் பாதிப்பு இழப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம். வலி, வேதனை, உடல் சிதைவு, வாழ்க்கையின் இன்பம் இழந்தது, இறந்தவரின் அன்பையும் துணையையும் இழந்தது ஆகியவற்றுக்கு எவ்வளவு கொடுத்தாலும் 2,50,000 டாலருக்கு மேல் கூடாது என்று அது வரம்பு கட்டியது. விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையும் ஏறும் என்று சட்டத்தில் எழுதவில்லை. ஆகவே 47 ஆண்டு அது அசையவே இல்லை. 2014-இல் அதை உயர்த்தக் கேட்டு மாநில வாக்கெடுப்புக்கு வந்த 46-ஆம் முன்மொழிவை வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். 2022 மே மாதம் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட ஏபி 35 சட்டம்தான் கடைசியில் அதை நகர்த்தியது.

இப்போதைய கணக்கு இப்படி. 2023 ஜனவரி 1 முதல் தாக்கலான வழக்குகளில், நோயாளி உயிரோடு இருந்தால் வரம்பு 3,50,000 டாலரில் தொடங்கி ஆண்டுக்கு 40,000 ஏறுகிறது. 2025-இல் 4,30,000, 2026-இல் 4,70,000, கடைசியில் 7,50,000. மரண வழக்கில் 5,00,000-இல் தொடங்கி ஆண்டுக்கு 50,000 ஏறுகிறது. 2026-இல் 6,50,000, கடைசியில் 10,00,000. 2034 முதல் ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறும். தாக்கல் செய்த ஆண்டின் வரம்பு அல்ல, தீர்ப்போ சமரசமோ வரும் ஆண்டின் வரம்புதான் பொருந்தும்.

மருத்துவர்கள் எத்தனை பேர் தவறு செய்தாலும் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வரம்பு. மருத்துவமனைகளுக்குச் சேர்த்துத் தனியாக ஒன்று. இவர்களோடு தொடர்பில்லாத வேறோர் இடத்தில் தனியாக நடந்த அலட்சியத்துக்கு மூன்றாவது. ஆக அதிகபட்சம் மூன்று. மரண வழக்கில் வாரிசுகள் எத்தனை பேர் என்றாலும் தலைக்கு ஒரு வரம்பு கிடையாது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் அதே தொகையைத்தான் பங்கிட வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்த்த ஃபீன் எதிர் பெர்மனென்டே வழக்கைப் பாருங்கள். 34 வயது வழக்கறிஞர் ஒருவர் 1976-இல் நெஞ்சு வலியோடு போனார். தசைப் பிடிப்பு என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அன்றிரவு அவசரப் பிரிவிலும் அதையே சொன்னார்கள். மறுநாள்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. ஆயுள் குறைந்ததால் அவர் இழக்கப்போகும் சம்பளத்துக்கு ஜூரி 7,00,000 டாலர் சொன்னது, வலி-வேதனைக்கு 5,00,000. நீதிபதி வலி-வேதனைத் தொகையை 2,50,000 ஆக்கினார். அந்த 7,00,000-இல் கை வைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரம்பு செல்லும் என்று உறுதி செய்தது. வெட்டும் வேலையை நீதிபதிதான் தீர்ப்புக்குப் பிறகு செய்கிறார், ஜூரி அல்ல.

அதே இடத்தில் வேலைக்குப் போகாத ஒரு பெண்ணை வைத்துப் பாருங்கள். அதே மாரடைப்பு, அதே தவறு. 7,00,000 என்ற வரி இருக்காது. மிஞ்சுவது பெரும்பாலும் வரம்புக்குட்பட்ட தொகைதான். இந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். எல்லோருக்கும் ஒரே வரம்பு என்று எழுதிவைத்து, அதன் பாரம் முழுவதையும் சம்பளம் இல்லாதவர்கள் தலையில் ஏற்றிவிட்டது. நிபுணர் சாட்சிகளுக்கே பெரும் செலவாகும் என்பதால், இப்படிப்பட்டவர்களின் வழக்கை எடுக்கவே வழக்கறிஞர்கள் யோசிக்கிறார்கள்.

ஆகவே: வீட்டு வேலையைக் கணக்கில் எழுதுங்கள்

பண இழப்புக்கு வரம்பே இல்லை. சம்பளம், மருத்துவச் செலவு, எதிர்காலச் சிகிச்சை, ஆள் வைத்துப் பார்க்கும் செலவு இதில் அடங்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டு வேலை செய்ய முடியாமல் போனதும் இதில்தான் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சமைப்பது, குழந்தையைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவருவது, பாடம் சொல்லிக் கொடுப்பது, துணி, கடைத்தெரு, மாமனாரின் மருந்து என்று ஒருவர் செய்து வந்த வேலையை வெளியாளை வைத்துச் செய்தால் என்ன கூலி ஆகுமோ, அது பண இழப்பு. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு ஆயாவுக்கு மணிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதை வாரத்துக்கு இத்தனை மணி, வருடத்துக்கு இத்தனை வாரம், பிள்ளை வளரும்வரை என்று பெருக்கிப் பாருங்கள். பொருளாதார நிபுணர்கள் நீதிமன்றத்தில் இதைத்தான் செய்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஆதாரம் சேர்ப்பது. பாதிப்புக்கு முன் அவர் ஒரு வாரத்தில் என்னென்ன செய்தார் என்று மணிக்கணக்கோடு ஒரு பட்டியல். பாதிப்புக்குப் பின் அந்த வேலைகளுக்கு வைத்த ஆட்களின் ரசீதுகள், டே-கேர் கட்டணம், சாப்பாட்டுக்குக் கட்டிய டிஃபன் பில். பக்கத்து வீட்டாரும் பள்ளி ஆசிரியரும் பார்த்ததைச் சொல்லக்கூடியவர்களா என்றும் குறித்து வையுங்கள். "அண்ணி வந்து பார்த்துக்கிட்டாங்க, காசு ஒண்ணும் ஆகல" என்று விட்டுவிடாதீர்கள். அண்ணி எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள்.

எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருப்பவர் பொறியாளராகவோ கணக்காளராகவோ படித்தவராக இருப்பார். இன்று சம்பளம் இல்லை என்பதால் சம்பாதிக்கும் திறனே இல்லை என்று ஆகாது. திறன் இழந்ததும் ஒரு பண இழப்பு. பட்டங்கள், ஊரில் பார்த்த வேலையின் கடிதங்கள், சம்பளச் சான்றுகள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். உடல் பாதிப்பு, மரண வழக்குகளில் ஒருவரின் குடியேற்ற நிலையைச் சான்றாகக் கொண்டுவரக் கூடாது என்று 2017 முதல் கலிஃபோர்னியாவில் சட்டம் இருக்கிறது. ஆகவே விசா பயத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த பெற்றோர் விஷயம் இவ்வளவு வலுவாக இருக்காது. ஆறு மாதத்தில் திரும்பப் போகிறவர் என்று எதிர்த்தரப்பு சொல்லும். இருந்தாலும் ஊரில் அவர் நடத்தி வந்த வீடு, நிலம், கடை ஆகியவற்றுக்கான கணக்கைச் சேகரியுங்கள்.

இதற்கு நேர்மாறான நிலை ஒன்றும் உண்டு. இங்கே வேலை பார்த்த மகன் இறந்துவிட்டால், மனைவியும் பிள்ளைகளும் வழக்குப் போடலாம். அவர்கள் இருக்கும்போது ஊரில் உள்ள பெற்றோருக்கு அந்த உரிமை தானாக வராது. மகனின் வருமானத்தை நம்பி வாழ்ந்தவர்கள் என்று காட்டினால் வரும். மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிப் பதிவுகள், ஊரில் மருந்து, வாடகைச் செலவுகளுக்கான ரசீதுகள்தான் அதற்கு ஆதாரம். மருமகளும் மாமியாரும் ஒரே வழக்கில் சேர்ந்து வர வேண்டிய நிலை இது. தொகையைப் பங்கிடுவது பற்றித் தொடக்கத்திலேயே வழக்கறிஞர் முன் பேசிக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

வழக்கறிஞரைத் தேடும்போது

முன்பணம் கேட்க மாட்டார்கள், ஜெயித்தால் பங்கு என்பதுதான் வழக்கம். அந்தப் பங்குக்கும் வரம்பு உண்டு. ஏபி 35-க்குப் பிறகு அது இப்படி: வழக்குத் தாக்கலாகும் முன் சமரசமானால் 25 சதவீதம், தாக்கலுக்குப் பின் 33 சதவீதம். விசாரணைவரை போனால் இன்னும் அதிகம் கேட்டு நீதிமன்றத்தை அணுகலாம். நிபுணர் செலவு இதற்கு வெளியே. தோற்றால் அந்தச் செலவு யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

விபத்து வழக்கு விளம்பரம் போடுபவர் எல்லோரும் இதில் கைதேர்ந்தவர் அல்ல. மருத்துவ அலட்சியத்தில் மட்டும் எத்தனை வழக்கை விசாரணைவரை கொண்டுபோனார் என்று கேளுங்கள். உரிமம் செல்லுபடியாகிறதா, ஒழுங்கு நடவடிக்கை உண்டா என்பதைக் கலிஃபோர்னியா வழக்கறிஞர் கழகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். ஒருவர் மறுத்தால் சோர்ந்து போகாதீர்கள்; "ஏன் எடுக்கவில்லை, கெடு எப்போது?" என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டு வேலைக் கணக்கையும் சம்பாதிக்கும் திறனுக்கான சான்றுகளையும் முதல் சந்திப்பிலேயே மேசையில் வையுங்கள். சம்பளம் இல்லாதவர் என்று ஒதுக்கிவைத்த வழக்கை மறுபடி எடுத்துப் பார்க்கவைப்பது அதுதான்.

பெரிய தொகை வந்தால் எதிர்கால இழப்புக்கான பகுதியை ஒரே நேரத்தில் தராமல் தவணையில் தரும்படி எதிர்த்தரப்பு கேட்கலாம். எதிர்கால இழப்பு 2,50,000 டாலரைத் தாண்டும்போது அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. பாதிக்கப்பட்டவர் குழந்தை என்றால் சமரசத்துக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். பணம் பெரும்பாலும் 18 வயதுவரை நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கும்.

வேறு மாநிலத்தில் இருந்தால்

மேலே சொன்ன எண்கள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. டெக்சாஸில் 2003 முதல் மருத்துவர்களுக்கு 2,50,000 டாலர் வரம்பு, அது விலைவாசியோடு ஏறுவதும் இல்லை; வழக்கின் தொடக்கத்திலேயே நிபுணர் அறிக்கையும் தர வேண்டும். நியூ யார்க்கிலும் நியூ ஜெர்சியிலும் வலி-வேதனைக்கு வரம்பு இல்லை. ஜார்ஜியாவிலும் இல்லினாயிலும் இருந்த வரம்பை அந்தந்த உச்ச நீதிமன்றங்கள் 2010-இல் ரத்து செய்தன. விர்ஜீனியாவிலும் இண்டியானாவிலும் நிலைமை கடுமை: மருத்துவச் செலவு, சம்பளம் உட்பட மொத்தத் தொகைக்கே வரம்பு. தூரத்து உறவினர் சொன்ன தொகையை நம்பி முடிவெடுக்கும் முன், அவர் எந்த மாநிலத்தில் இருக்கிறார் என்று கேளுங்கள்.

வழக்கு எடுபடவில்லை என்றாலும்

கலிஃபோர்னியா மருத்துவ வாரியத்திடம் மருத்துவர் மீது யார் வேண்டுமானாலும் இலவசமாகப் புகார் கொடுக்கலாம். மருத்துவமனை மீதான புகார் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்குப் போகும். இரண்டிலும் உங்களுக்கு இழப்பீடு வராது, வழக்கின் கெடுவும் நிற்காது. மருத்துவர் மீதான நடவடிக்கை உரிமத்தைத் தொடும். புகாரில் தேதி, பெயர், நடந்தது மூன்றையும் தெளிவாக எழுதிப் பதிவேட்டுப் பிரதியை இணையுங்கள். வழக்கும் நடக்கிறதென்றால், அனுப்பும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.